நீராவியா, டீசலா? நீலகிரி மலை ரயிலின் என்ஜின் கணக்கு

மேட்டுப்பாளையத்தில் காலையில் புறப்படும் ஊட்டி ரயில் நண்பகலை ஒட்டி உதகமண்டலம் போய்ச் சேர்கிறது. மொத்தத் தூரம் 46 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இந்தச் சிறு தூரத்துக்குள் ரயிலுக்கு என்ஜின் மாறிவிடுகிறது. குன்னூர் வரை நீராவி, அதற்கு மேல் டீசல். ஒரே பாதை, ஒரே மீட்டர் கேஜ், ஒரே பெட்டிகள். என்ஜின் மட்டும் இரண்டு வெவ்வேறு காலத்தைச் சேர்ந்தது.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் இரண்டு. சுற்றுலாப் பயணிகளுக்குப் புகைவண்டிதான் பிடிக்கும், அதனால் விட்டுவைத்திருக்கிறார்கள் என்பது ஒன்று. முழுப் பாதையையும் நவீனப்படுத்த ரயில்வேக்கு மனமோ பணமோ இல்லை என்பது மற்றொன்று. இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் குன்னூரில் அந்த எல்லைக்கோட்டைக் கிழித்தது பயணியின் ஆசையும் அல்ல, அதிகாரியின் கஞ்சத்தனமும் அல்ல, மலையின் சரிவு. சரிவு போட்ட அந்தக் கோட்டைச் சுற்றித்தான் எரிபொருள், பட்டறை, பாரம்பரியம் ஆகிய மற்றக் கேள்விகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன.

சரிவு என்ன செய்கிறது

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குன்னூர் 1,700 மீட்டருக்கு மேல், ஊட்டி 2,200. மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு வரை பாதை ஏறக்குறைய சமதளம். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடைப்பட்ட சுமார் 20 கிலோமீட்டரில் ரயில் ஏறக்குறைய 1,300 மீட்டர் உயர வேண்டும். கடுமையான இடங்களில் ஏற்றம் 12.28 மீட்டருக்கு ஒரு மீட்டர். குன்னூரைத் தாண்டினால் அது கிட்டத்தட்ட 25 மீட்டருக்கு ஒரு மீட்டராகத் தணிகிறது.

இந்த எண்களை இழுவிசையாக மாற்றிப் பார்த்தால் விஷயம் துலங்கும். 12.28-க்கு ஒன்று என்ற ஏற்றத்தில் ஒவ்வொரு டன் எடையும் ரயிலைப் பின்னோக்கி 81 கிலோ விசையால் இழுக்கிறது. 25-க்கு ஒன்றில் அது 40 கிலோ. சமதளத்தில் உருளும் ரயிலை எதிர்க்கும் விசை டன்னுக்குச் சில கிலோவைத் தாண்டாது. இரும்புச் சக்கரமும் இரும்புத் தண்டவாளமும் கடினமாகவும் வழவழப்பாகவும் இருப்பதால்தான் ரயில் சமதளத்தில் இவ்வளவு சிக்கனமாக ஓடுகிறது; அதனாலேயே சக்கரத்தின் பிடியும் குறைவு. மலையில் அதே குணம் எதிரியாகிவிடுகிறது. மழை, பனி, தண்டவாளத்தில் அரைபடும் இலைகள் சேர்ந்தால் அந்தப் பிடி மேலும் தளரும்.

ஐரோப்பியப் பொறியாளர்கள் இதற்குக் கண்ட தீர்வு பல்சக்கரம். சுவிட்சர்லாந்தின் ரிகி மலைக்கு 1871-இல் பல்சக்கர ரயில் போட்ட நிக்கோலஸ் ரிகன்பாக்கை 1882-இல் நீலகிரிக்கு அழைத்து யோசனை கேட்டார்கள். கடைசியில் தேர்ந்தெடுக்கப்பட்டது அவரிடம் பணியாற்றிய ரோமன் ஆப்ட் உருவாக்கிய முறை. இரு தண்டவாளங்களுக்கு நடுவே இரண்டு பல் சட்டங்கள் இணையாக ஓடும். ஒன்றில் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம் இருக்கும்படி அவற்றைத் தள்ளிப் பொருத்தியிருப்பார்கள். பனையேறி காலை எடுக்கும் முன் கைப்பிடியை உறுதிசெய்துகொள்வதைப் போல, ஒரு பல் விடுபடுமுன் பக்கத்துச் சட்டத்தின் பல்லை என்ஜின் பிடித்துக்கொண்டிருக்கும்.

1891-இல் தொடங்கிய வேலை, எடுத்த நிறுவனம் நொடித்துப்போய், வேறு நிறுவனம் வந்து, 1899 ஜூனில் குன்னூர் வரை முடிந்தது. ஊட்டிக்கு ரயில் போனது 1908-இல்தான். அந்த மேல்பகுதிக்குப் பல் சட்டம் தேவைப்படவில்லை. சக்கரத்தின் பிடியே போதும் என்று பொறியாளர்கள் முடிவுசெய்தார்கள். பிற்காலத்தில் டீசல் நுழைவதற்கான வாசல் 1908-லேயே திறந்துவிட்டது என்றுகூடச் சொல்லலாம்.

எக்ஸ் வகுப்பு: ஓர் உடலில் இரண்டு என்ஜின்கள்

தொடக்கத்தில் ஓடியவை மான்செஸ்டரின் பேயர் பீகாக் நிறுவனத்து என்ஜின்கள். இன்று நாம் ஊட்டி என்ஜின் என்று அறிவது அதற்குப் பின் வந்த எக்ஸ் வகுப்பு. சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் இருந்த எஸ்.எல்.எம். தொழிற்சாலை 1914-க்கும் 1925-க்கும் இடையில் இவற்றில் பன்னிரண்டைச் செய்து அனுப்பியது. சுதந்திரத்துக்குப் பிறகு 1952-இல் அதே வடிவத்தில் மேலும் ஐந்து வந்தன.

எடை ஏறக்குறைய 50 டன். நான்கு சிலிண்டர்கள். பக்கத்துக்கு இரண்டாக, ஒன்றின் மேல் ஒன்று. கீழே உள்ளவை உயர் அழுத்தச் சிலிண்டர்கள். வழக்கமான ரயில் சக்கரங்களைச் சுழற்றுபவை. மேலே உள்ளவை தாழ் அழுத்தச் சிலிண்டர்கள். பல் சட்டத்தைக் கவ்வும் பற்சக்கரங்களைச் சுழற்றுபவை. சமதளத்தில் கீழ் ஜோடி மட்டும் வேலை செய்யும். அதிலிருந்து வெளியேறும் நீராவி நேராகப் புகைபோக்கிக்குப் போய்விடும். பல் சட்டம் தொடங்கியதும் டிரைவர் வழியை மாற்றுவார். கீழ் ஜோடியில் ஒருமுறை உழைத்த நீராவி மேல் ஜோடிக்குள் புகுந்து இரண்டாம் முறையும் உழைத்துவிட்டுத்தான் வெளியே போகும்.

கல்லாறில் இதை வெறும் கண்ணால் பார்க்கலாம். நிலையத்தைத் தாண்டும்வரை என்ஜினின் பக்கவாட்டில் கீழ்த்தண்டுகள் மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். மேல்தண்டுகள் அசையாமல் நிற்கும். பல் சட்டத்தின் முனையை ரயில் நெருங்கும்போது வேகம் நடையளவுக்குக் குறையும். முனையில் சட்டம் ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்திருக்கும்; பற்கள் நேருக்கு நேர் மோதினால் அது அமுங்கிக் கொடுத்து, பல்லும் பள்ளமும் பொருந்தும்வரை காத்திருக்கும். பொருந்தியதும் மேல்தண்டுகளும் இயங்கத் தொடங்கும். என்ஜினின் மூச்சு மாறுவது கடைசிப் பெட்டிவரை கேட்கும்.

என்ஜின் இழுப்பதில்லை, தள்ளுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பல் பாதையில் அது எப்போதும் ரயிலின் கீழ்முனையில் நிற்கும். பெட்டிகளின் கொக்கி அறுந்தாலும் அவை என்ஜின்மேல்தான் சாயும். பள்ளத்தை நோக்கி ஓடாது. முன்னே என்ன இருக்கிறது என்று டிரைவருக்குத் தெரியாது என்பதால் பெட்டிதோறும் ஒரு பிரேக்ஸ்மேன் முகப்பில் நிற்கிறார். முதல் பெட்டிக்காரர் காட்டும் கொடியைப் பார்த்து அடுத்தவர், அவரைப் பார்த்து அதற்கடுத்தவர் என்று செய்தி என்ஜின்வரை வந்து சேரும்.

இறங்கும்போதுதான் இந்த என்ஜினின் உண்மையான கெட்டிக்காரத்தனம் வெளிப்படும். சக்கரங்களுக்கு ஒரு பிரேக், பற்சக்கரங்களுக்குத் தனி பிரேக், பெட்டிகளுக்கு வாக்குவம் பிரேக். இவை போக, சிலிண்டர்களையே தடையாக மாற்றும் ஏற்பாடு ஒன்றும் உண்டு. இறக்கத்தில் பிஸ்டன்கள் நீராவியால் ஓடுவதில்லை. சக்கரம் பிஸ்டனை ஓட்டுகிறது. வெளிக்காற்றை உள்ளிழுத்து அமுக்கும் வேலையைச் சிலிண்டருக்குக் கொடுத்தால் ரயிலின் வேகமெல்லாம் காற்றை அமுக்குவதில் செலவாகிவிடும். சூடாகும் சிலிண்டரைத் தண்ணீர் தெளித்துக் குளிர வைப்பார்கள். பிரேக் கட்டைகள் தேயாமல் 20 கிலோமீட்டர் இறங்கலாம். இதை ரிகன்பாக் காலத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள்.

டீசல் ஏன் குன்னூரில் நிற்கிறது

குன்னூர்–ஊட்டிப் பகுதியில் ஓடுவது ஒய்.டி.எம்.4 வகை. அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனம் 1960-களின் தொடக்கத்தில் இந்தியாவின் மீட்டர் கேஜுக்காகத் தந்த வடிவம். 1968 முதல் வாரணாசியில் செய்யப்பட்டது. ஆறு சிலிண்டர், ஏறக்குறைய 1,400 குதிரைத்திறன், 72 டன் எடை. சென்னை எழும்பூரிலிருந்து தெற்கே போன மீட்டர் கேஜ் ரயில்களில் பயணம் செய்த தலைமுறைக்கு இதன் உறுமல் பழக்கமானது. ஒய்.பி., ஒய்.ஜி. நீராவி என்ஜின்களைத் தென்னகத்துப் பாதைகளிலிருந்து அப்புறப்படுத்தியது இதுதான்.

ஊட்டிக்குப் போகும் மேல்பகுதியில் இதன் வெற்றி எளிதாக இருந்தது. தண்ணீர் பிடிக்க நிற்க வேண்டாம். ஷெட்டில் பல மணி நேரம் முன்பே நெருப்பு மூட்ட வேண்டாம். ஃபயர்மேன் வியர்க்க வேண்டாம். எக்ஸ் என்ஜினோ இந்தப் பகுதியில் மேல் ஜோடிச் சிலிண்டர்களைச் சும்மா சுமந்துகொண்டு பாதி உடலோடுதான் வேலை செய்தாக வேண்டும். அதைக் கொண்டு இங்கே ரயில் ஓட்டுவது வீண்செலவு என்பதில் யாருக்கும் ஐயம் இருக்க முடியாது.

அதே டீசலைக் கல்லாறுக்கு இறக்கினால் என்ன ஆகும்? 12.28-க்கு ஒன்று ஏற்றத்தில் தன் 72 டன்னைத் தூக்கவே கிட்டத்தட்ட 6 டன் இழுவிசை செலவாகும். காய்ந்த தண்டவாளத்தில், நல்ல நாளில், மிச்ச விசையைக் கொண்டு சில பெட்டிகளைத் தள்ளிவிடலாம் என்று காகிதத்தில் கணக்குப் போட முடியும். ஆனால் மலை ரயிலை மோசமான நாளுக்காகத்தான் வடிவமைக்க வேண்டும். இறங்கும்போது ஈரத் தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கத் தொடங்கினால், பற்சக்கரம் இல்லாத என்ஜினுக்குப் பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லை. குதிரைத்திறன் எத்தனை இருந்தாலும் இந்தக் குறை தீராது. 208 வளைவுகள், 250 பாலங்கள், 16 குகைகள் கொண்ட பாதையில் அந்தத் துணிச்சல் யாருக்கும் தேவையில்லை.

சரி, பற்சக்கரம் பொருத்திய டீசல் செய்ய முடியாதா? தாராளமாக முடியும். வேல்ஸ் நாட்டின் ஸ்னோடன் மலை ரயிலும் ஆப்ட் முறைதான். அதன் நீராவி என்ஜின்களும் விண்டர்தூரில் பிறந்தவைதான். அங்கே 1986 முதல் பற்சக்கர டீசல்கள் ஓடுகின்றன. அமெரிக்காவின் மவுண்ட் வாஷிங்டன் ரயில் 2008 முதல் பெரும்பாலான பயணங்களை டீசலுக்கு மாற்றிவிட்டது. இன்னொரு வழியையும் சுவிட்சர்லாந்து காட்டியது. பிரியன்ஸ் ரோட்ஹார்ன் மலைக்கு எஸ்.எல்.எம். நிறுவனம் 1990-களில் எண்ணெயில் எரியும் புதிய நீராவி என்ஜின்களையே செய்து கொடுத்தது.

நீலகிரிக்குத் தடை தொழில்நுட்பம் அல்ல, எண்ணிக்கை. மீட்டர் கேஜில் ஆப்ட் பல் சட்டம் கொண்ட பாதை இந்தியாவில் இது ஒன்றே. நான்கைந்து என்ஜின்களுக்காகப் புதிதாக ஒரு டீசல் வடிவத்தை வரைந்து, சோதித்து, பாதுகாப்புச் சான்று பெறுவது எந்தத் தொழிற்சாலைக்கும் கட்டுப்படியாகாது. கையில் ஏற்கெனவே இருந்த, நூறாண்டு சோதிக்கப்பட்ட வரைபடம் எக்ஸ் வகுப்பினுடையது. ஆகவே கேள்வி வேறு பக்கம் திரும்பியது: என்ஜினை மாற்றாமல் அதன் தீனியை மாற்றினால் என்ன?

கரி, பர்னஸ் ஆயில், டீசல்

நிலக்கரியோடு மூன்று தொல்லைகள் இருந்தன. முதலாவது தரம். நாட்டின் மற்றப் பகுதிகளில் நீராவி ஒழிந்தபின், ஒரே ஒரு மலைப்பாதைக்காகச் சாம்பல் குறைந்த நல்ல கரியைத் தேடிப் பிடித்து மேட்டுப்பாளையம் கொண்டுவருவது சிரமமாயிற்று. சாம்பல் மிகுந்த கரியில் நெருப்பு மந்தமாகும். பாதி வழியில் நீராவி அழுத்தம் இறங்கி ரயில் நின்றுவிடும். இரண்டாவது தீப்பொறி. கோடையில் காய்ந்து கிடக்கும் காட்டின் நடுவே புகைபோக்கியிலிருந்து கங்கு பறப்பதை வனத்துறை விரும்பாதது நியாயமே. மூன்றாவது உழைப்பு. ஏற்றம் முழுவதும் ஃபயர்மேன் மண்வெட்டியைக் கீழே வைக்க முடியாது.

2000-களின் தொடக்கத்தில் பர்னஸ் ஆயிலில் எரியும் முறைக்கு மாற்றம் தொடங்கியது. என்ஜினின் நெருப்புப் பெட்டிக்குள் கரிப் படுகைக்குப் பதில் பர்னர். எண்ணெயை நீராவியால் சிதறடித்துச் சாரலாக உள்ளே பீய்ச்ச வேண்டும். பர்னஸ் ஆயில் குளிரில் இறுகும் பண்டம். சூடாக்கினால்தான் குழாயில் ஓடும். கரி படுகையாக எரியும்போது வெப்பம் பரவலாகக் கிடைக்கும். எண்ணெய்ச் சுடரோ ஒரே இடத்தில் குவிந்து அடிக்கும் என்பதால் நெருப்புப் பெட்டியின் தகடுகளைக் காக்க உள்ளே செங்கல் பதிக்க வேண்டியிருந்தது. எண்ணெய்க்கும் காற்றுக்குமான பங்கீடு தவறினால் கரும்புகை. குகைக்குள் அது பயணியின் மூக்கில்தான் ஏறும். ஆனால் தீப்பொறித் தொல்லை தணிந்தது. ஏற்றத்தின் நடுவே நீராவி வற்றும் கவலையும் குறைந்தது.

அண்மை ஆண்டுகளில் பர்னஸ் ஆயிலின் இடத்தை ஹைஸ்பீடு டீசல் பிடித்து வருகிறது. சூடாக்க வேண்டாம், புகை குறைவு, எங்கும் கிடைக்கும். ஆக, பல் பாதையில் டீசல் என்ஜினால் ஏற முடியாத மலையில் டீசல் எண்ணெய் ஏறிவிட்டது, அதுவும் நீராவி என்ஜினின் வயிற்றுக்குள்ளிருந்து.

சிக்கனக் கண்கொண்டு பார்த்தால் இது ஊதாரித்தனம். நல்ல நீராவி என்ஜின்கூட எரிபொருளின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட இழுவையாக மாற்றுவது அரிது. டீசல் என்ஜினுக்குள் எரித்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேலையாகக் கிடைக்கும். ஒரே எண்ணெயை மும்மடங்குக்கும் மேல் செலவழித்துத்தான் ஊட்டி ரயில் குன்னூர் ஏறுகிறது. ஆனால் ஓடுவது நாளுக்கு ஓரிரு ரயில், அதுவும் 20 கிலோமீட்டர் பல் பாதை. அந்த அளவுக்கு இந்த நட்டம் ஒரு புதிய டீசல் வடிவத்தை உருவாக்கும் செலவின் பக்கத்தில் வராது.

பொன்மலையின் பங்கு

இந்திய ரயில்வே நீராவி என்ஜின் உற்பத்தியை 1972-இல் நிறுத்திவிட்டது. எக்ஸ் வகுப்பைச் செய்த சுவிஸ் தொழிற்சாலையும் என்ஜின் கட்டும் தொழிலிலிருந்து விலகிவிட்டது. 1952-இல் வந்தவற்றுக்கே வயது அறுபதை நெருங்கிய நிலையில் நீலகிரிக்கு இருந்த வழிகள் இரண்டு: பல் பாதையை மூடுவது, அல்லது என்ஜினைத் தானே செய்வது.

திருச்சி பொன்மலைப் பணிமனை இரண்டாவதைத் தேர்ந்தது. நாகப்பட்டினத்திலிருந்த தென்னிந்திய ரயில்வேயின் பழைய பணிமனைக்கு மாற்றாக 1920-களின் இறுதியில் எழுந்த இடம் அது. பக்கத்திலேயே திருவெறும்பூரில் 1960-களில் பெல் நிறுவனத்தின் உயர் அழுத்தப் பாய்லர் தொழிற்சாலை வந்தபின், பாய்லர் தகட்டை வளைக்கவும் வெல்டிங் வைக்கவும் தெரிந்த கைகள் அந்த வட்டாரத்தில் குறைவில்லை. 2011-க்கும் 2014-க்கும் இடையில் எண்ணெயில் எரியும் நான்கு புதிய எக்ஸ் என்ஜின்கள் பொன்மலையிலிருந்து மலைக்குப் போயின. பிறகு 2021–22-இல் நிலக்கரியில் எரியும் புதிய என்ஜின்களும் செய்யப்பட்டன.

இவை பழையதைப் பழுதுபார்த்து வண்ணம் அடித்தவை அல்ல. புதிதாகச் செய்த பாய்லர், சிலிண்டர், பற்சக்கரம் கொண்டவை. சுவிஸ் வரைபடத்திலிருந்தும் தேய்ந்த உறுப்புகளை அளந்தும் செய்திருக்கிறார்கள். உலகத்தின் பாரம்பரிய ரயில்களில் பெரும்பாலானவை பழைய என்ஜினைப் பத்திரப்படுத்தியே பிழைக்கின்றன. அன்றாட ரயில் ஓட்டுவதற்காகவே பல்சக்கர நீராவி என்ஜினைத் திரும்பவும் செய்யும் பணிமனைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை.

மூன்று மலைகள், மூன்று முடிவுகள்

யுனெஸ்கோ பட்டியலில் இந்திய மலை ரயில்கள் மூன்று: 1999-இல் டார்ஜிலிங், 2005-இல் நீலகிரி, 2008-இல் கல்கா–சிம்லா. மூன்றும் நீராவியில் பிறந்தவை. டீசலோடு மூன்றும் வெவ்வேறு விதமாக உடன்படிக்கை செய்துகொண்டன. சிம்லாப் பாதை முழுக்க டீசலுக்குப் போய்விட்டது. நீராவி அங்கே எப்போதாவது ஓடும் சிறப்பு ரயில்தான். டார்ஜிலிங்கில் 2000 வாக்கில் டீசல் வந்தது. பழைய பி வகுப்பு என்ஜின்கள் பெரும்பாலும் சுற்றுலாச் சவாரிக்கு ஒதுங்கின. இரண்டு பாதைகளிலும் பல் சட்டம் கிடையாது. சுற்றிச் சுற்றி ஏறும் பாதைகள். டீசலுக்கு அங்கே தடையே இல்லை. நீராவியை அங்கே விரும்பி வைத்திருக்கிறார்கள். நீலகிரியின் பல் பாதையில் அது இல்லாமல் ரயிலே இல்லை.

இன்னும் நெருங்கிய ஒப்பீடு ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் உண்டு. மவுண்ட் லயல் சுரங்கத்துக்காகப் போடப்பட்ட ஆப்ட் பாதை 1963-இல் மூடப்பட்டு, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சுற்றுலா ரயிலாக மீண்டும் திறந்தது. மீண்டும் திறந்தபோது அங்கேயும் பல் பகுதியில் நீராவி, மற்றப் பகுதியில் டீசல். ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்ததல்ல. இரண்டு இடத்திலும் சரிவு அதே விடையைத் தந்திருக்கிறது.

இனி எது ஆபத்தில்?

நீலகிரியில் அழியும் நிலையில் இருப்பது நீராவி என்றுதான் பொதுவாக எண்ணுகிறோம். நிலைமை தலைகீழாகி வருகிறது. 1992-இல் தொடங்கிய ஒரே பாதைத் திட்டம் தென்னகத்தின் மீட்டர் கேஜ் பாதைகளை ஒவ்வொன்றாக அகலமாக்கிவிட்டது. தமிழ்நாட்டில் பயணிகள் ரயில் ஓடும் மீட்டர் கேஜ் பாதை இன்று ஊட்டிப் பாதை மட்டுமே. ஒய்.டி.எம்.4 உற்பத்தி எப்போதோ நின்றுவிட்டது. வேறு பாதைகளில் ஓய்வுபெற்ற என்ஜின்களின் உறுப்புகளைக் கழற்றி மாட்டித்தான் இருப்பவற்றை ஓட்ட முடியும். எக்ஸ் வகுப்பின் பிஸ்டனையும் பற்சக்கரத்தையும் பொன்மலையில் கடைந்து எடுக்கலாம். ஆல்கோ டீசலின் எரிபொருள் பம்பையும் டர்போவையும் இழுவை மோட்டாரையும் அப்படி வட்டாரப் பட்டறையில் செய்துவிட முடியாது. பின்னால் நிற்கும் தொழிற்சாலைச் சங்கிலி அறுந்தால் டீசல் அனாதையாகிவிடும்.

ஆகவே நீராவியா, டீசலா என்று கேட்பதைவிட, எதை நம் ஊரில் செய்யவும் செப்பனிடவும் முடியும் என்று கேட்பதே பொருத்தம். பல் பாதையில் எக்ஸ் வகுப்பு தொடர்வதே சரி. அன்றாட ஓட்டத்துக்கு எண்ணெய், மழைக்காலத்திலும் சிறப்பு நாட்களிலும் கரி என்று வைத்துக்கொள்ளலாம். குன்னூருக்கு மேலே டீசலை வெளியேற்றிவிட்டு முழுக்க நீராவி ஓட்ட வேண்டும் என்ற கோரிக்கை அவ்வப்போது எழுகிறது. அழகான ஆசைதான், ஆனால் பள்ளி, அலுவலகம், சந்தைக்குப் போகும் குன்னூர், அரவங்காடு, கேத்தி மக்களுக்கு அந்தப் பகுதி ஊர் ரயில். நேரத்துக்கு வருவதே அதற்கு அழகு. அங்கே சிறப்பு ரயில் அளவில் நீராவி போதும். அவசரமாகத் தேவைப்படுவது ஒய்.டி.எம்.4-க்கு ஒரு வாரிசு.

மற்றொன்று ஆள். வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்து பாதை அடைபடுவது ஆண்டுதோறும் நடப்பது. 2009 நவம்பர் மழைக்குப் பின் பாதை மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது. பாதையைச் சீராக்கப் பணம் ஒதுக்கினால் போதும். ஆனால் கல்லாறின் பல் முனையில் வேகத்தை எவ்வளவு தணிப்பது, இறக்கத்தில் சிலிண்டர் பிரேக்கை எப்போது திறப்பது என்பது பணம் ஒதுக்கி வாங்கும் சரக்கல்ல. மூத்த டிரைவரின் பக்கத்தில் நின்று இளையவர் கற்பது. ஓய்வுபெறுகிறவர்களுக்குப் பதில் ஆள் வருவதற்குள் அவர்கள் போய்விட்டால் புது என்ஜின் இருந்தும் பயனில்லை. பொன்மலைக்கு வரைபடங்களைச் சேமித்து வைத்ததைப் போலவே, குன்னூர் ஷெட்டில் பல் பாதைக்கென நிரந்தரப் பயிற்சி ஏற்பாடு ஒன்றை ரயில்வே தொடங்க வேண்டும். என்ஜின்களுக்குச் செலவிட்ட தொகையோடு ஒப்பிட்டால் அதற்காகும் செலவு அற்பம்.